ராக்குவின் அண்ணன்

ஒரே தூணுக்கு அவர் மூன்று நாளில் மூன்று கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை, அது பர்மாவிலிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து, நாலு பேர் கட்டிப்பிடித்துக் கரையேறிய தேக்கு. செவ்வாய்க்கிழமை, தொண்டித் துறையிலிருந்து ஒற்றை யானை இழுத்துவந்து வாசலில் போட்டுவிட்டு உயிரை விட்ட மரம். புதன்கிழமை வந்த கூட்டத்தில் வயதான தம்பதி ஒன்று கைகோத்து நின்றதைப் பார்த்துவிட்டார். உடனே அது, கணவனிடம் கோபித்துக்கொண்ட ஒரு பெண் முகம் காட்டாமல் ஒளிந்துகொண்ட தூணாகிவிட்டது. அந்தத் தம்பதி தூணுக்கு இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அப்போது கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டிய ஹோட்டலில் வரவேற்பில் இருந்தேன். விருந்தினர்களுக்கு ஊரையும் வீடுகளையும் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். காதால் கேட்டே கற்ற ஆங்கிலம் அவரிடம் சரளமாக இருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் உள்ளறைக் கதவுகள் எல்லாம் குட்டையாக இருக்கும். அதனால் ‘தலை பத்திரம்’ என்பதை மட்டும் ஆறு மொழிகளில் சொல்வார். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் அவர் தமிழில் சொல்ல நான் மொழிபெயர்ப்பேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள்.

“ஏண்ணே இப்படிப் புளுகுறீக?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“வெறும் மரத்தையும் கல்லையும் பாக்கவா தாயி இம்புட்டுத் தூரம் வந்திருக்காக? ஊருக்குப் போயி நாலு பேருட்டச் சொல்ல ஏதாச்சும் வேணும்ல” என்றார்.

அவருடைய பொய்யில் யாருக்கும் நஷ்டம் இருந்ததில்லை. சில சமயம் அது மருந்தாகவும் இருந்தது. என் அப்பா திடீரென்று பக்கவாதத்தில் இறந்தபோது, எங்கள் கோட்டையூர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். பல வருடங்களுக்கு முன்னால் காரைக்குடி பஸ்ஸில் தனக்கு மயக்கம் வந்ததாகவும், முன்பின் தெரியாத ஒருவர் பாதி வழியில் இறங்கித் தன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனதாகவும், இப்போது மாலை போட்டிருக்கும் படத்தைப் பார்த்த பிறகுதான் அது யாரென்று தெரிந்தது என்றும் சொன்னார். அம்மா மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள். அப்பா பஸ்ஸிலேயே போகமாட்டார், எங்கும் சைக்கிள்தான் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய கதைகளில் மாறாத கதை ஒன்றே ஒன்று.

எங்கள் ஹோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீடு. சொந்தக்காரர்கள் சென்னையில். காவல்காரர் கதவைத் திறந்துவிட, நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவோம். இரண்டாம் கட்டைத் தாண்டி, சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை உண்டு. அதன் சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், எண்ணெய்க் கறை ஒன்று கறுத்துப் படிந்திருந்தது. அந்த வீட்டு மருமகள் ஒருத்தி, பர்மாவுக்குக் கப்பலேறிய கணவனுக்காக எட்டு வருடம் அந்தச் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள், அவள் கூந்தல் எண்ணெய்தான் அது என்பது கதை. பல பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மற்ற இடங்களில் யானையும் புயலும் மாறி மாறி வரும். இங்கே மட்டும் எட்டு வருடம் ஒன்பதாக ஆனதில்லை, ஒரு சொல் கூடக் கூடியதில்லை. இதைச் சொல்லும்போது அவர் வாசற்படியிலேயே நிற்பார். உள்ளே காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. இருட்டறை, கூட்டத்துக்கு இடம் விடுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

தொற்றுநோய்க் காலம் முடிந்து வெளிநாட்டார் மறுபடி வரத் தொடங்கிய வருடம், பிரான்ஸிலிருந்து எங்களுக்கு ஆட்களை அனுப்பும் பயண அமைப்பு ஒன்று எங்கள் இருவரையும் அழைத்தது. பிரான்ஸின் தெற்கே, ஸ்பெயினை ஒட்டி, மத்தியதரைக் கடலோரம் அவர்களுடைய ஊர். திராட்சை பயிரிட்டு ஒயின் எடுக்கும் மலைக் கிராமங்கள். இங்கே சமையலையும் பழைய வீடுகளையும் எப்படிக் காட்டுகிறோம் என்று வந்து பாருங்கள், உங்கள் சீசன் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்றார்கள். செப்டம்பர் கடைசியில் பத்து நாள்.

அவர் விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை பக்கத்து இருக்கைக்காரரிடம் கையாலும் கண்ணாலும் ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஊர் வெயிலைப் பார்த்ததும், “நம்மூரு சித்திரை வெயிலு மாதிரித்தான் இருக்கு. ஆனா இங்க மனுசன் சிரிச்சுக்கிட்டே வெயில்ல உக்காந்திருக்கான்” என்றார். மலைச்சரிவு முழுக்கக் கருங்கல்லை அடுக்கி, சாந்து பூசாமல் கட்டிய குட்டைச் சுவர்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே திராட்சைக் கொடிகள் குட்டிக் குட்டியாக, இலை ஓரம் சிவந்து நின்றன. கீழே நீலமாகக் கடல். அறுவடை முடியும் நேரம். ஊரெல்லாம் புளித்த பழ வாசம்.

முதல் நான்கு நாள் அவர் சந்தோஷமாக இருந்தார். நறுக்கிப்போட்ட திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் நத்தை சுட்டுக் கொடுத்தார்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஊசியால் குத்தி எடுத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த விழுதில் தொட்டு வாயில் போட்டார். “வயல் நத்தையைச் சின்னப் பிள்ளையில எம்புட்டுத் தின்னுருக்கேன். இவுகளுக்கு மிளகு போடத் தெரியல, அம்புட்டுத்தான்” என்றார். உப்பில் ஊறிய நெத்திலியைப் பார்த்து, கருவாட்டைக் காயவைக்க மறந்துவிட்டார்கள் என்றார். ஒயினை மட்டும் நாக்கில் வைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். நல்ல சிரிப்பு. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். அவள் ஏதாவது சொல்லி முடித்ததும் இவர் என் காதருகே, “புளுகுறா. நல்லாப் புளுகுறா. கெட்டிக்காரி” என்பார்.

ஐந்தாம் நாள் நூறு வருடத்துக்கு மேல் பழமையான ஒயின் கிடங்கு ஒன்றுக்குப் போனோம். எங்களோடு பாரிஸிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தரைக்கு மேல் ஆள் உயரத்தில் கல் தொட்டி ஒன்று, ஏறிப் பார்க்க மர ஏணி. பழைய காலத்தில் பழத்தை அதில் கொட்டிப் புளிக்கவைப்பார்களாம். அந்தப் பெண் ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கதை சொன்னாள். கிடங்குக்காரரின் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு வேலைக்காரப் பெண் இந்தத் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனாள். காதலன் கப்பலில் போய்த் திரும்பி வராத சோகம். அந்த வருட ஒயினைப்போல இனிப்பான ஒயின் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் நினைவாகத்தான் இந்தக் கிடங்கின் புட்டியில் ஒரு பெண்ணின் படம். கூட்டம் சிரித்தது. எல்லார் கையிலும் டம்ளர் கொடுத்தார்கள்.

நான் மொழிபெயர்த்து முடித்தேன். அவர் ‘புளுகுறா’ என்று சொல்லவில்லை.

“அந்தப் பொண்ணு பேரு என்னன்னு கேளு தாயி.”

கேட்டேன். தெரியாது என்றாள் வழிகாட்டி.

“உண்மையிலேயே செத்தாளா, இல்ல சும்மா கதையான்னு கேளு.”

அவள் முகம் கொஞ்சம் மாறியது. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள். இறந்தது உண்மை. காதல், கப்பல் எல்லாம் பிறகு சேர்த்தது. பழம் புளிக்கும்போது கிளம்பும் காற்று தொட்டியில் தங்கிவிடும். சக்கையை அள்ள உள்ளே இறங்குகிறவர்களுக்கு மூச்சு அடைத்துவிடும். அந்தக் காலத்தில் அப்படிப் பல பேர்.

“அவளுக்கு அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தாகளான்னு கேளு” என்றார் அவர்.

இதை நான் கேட்டபோது, வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அவர் கையிலிருந்த டம்ளரை ஒரு பீப்பாய் மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் பின்னால் போனேன். உச்சி வெயிலில் ஒரு கல் சுவரில் உட்கார்ந்திருந்தார். நிழலுக்கு வாங்கண்ணே என்றேன். வரவில்லை.

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு தாயி” என்றார். “ராக்குன்னு பேரு. முப்பத்தஞ்சு வருசமாச்சு, அப்ப அவளுக்குப் பத்தொம்பது வயசு. அந்தப் பெரிய வீட்டுல வேலைக்கு நாந்தான் சேத்துவிட்டேன். அந்த வீட்டுல ஒரு கல்யாணம் வந்துச்சு. பித்தளைச் சாமான் அம்புட்டையும் இறக்கி விளக்குற வேலை. கல்யாணத்துக்கு மொத நாளு நான் வாழை இலைக்கட்டு இறக்கப் போனேன். பின்வாசல்ல வந்து நின்னா. உடம்பு நெருப்பாக் கொதிக்குதுண்ணே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருன்னா. தொட்டுப் பாத்தேன். கொதிக்கத்தான் செஞ்சுச்சு. இன்னைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போனா கோவிச்சுக்கிருவாக, கல்யாணம் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னேன். சரிண்ணேன்னு உள்ள போயிட்டா.”

கீழே ஒரு டிராக்டர் திராட்சைக் கூடைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தது.

“விருந்தாளுக நடமாடுற இடத்துல காய்ச்சக்காரி இருக்கக் கூடாதுன்னு அந்தச் சாமான் ரூம்புல படுக்கவச்சிருக்காக. கல்யாண அவசரத்துல அவளை யாரும் எட்டிப் பாக்கல. மூணாம் நாளு நான் போனேன். சுவத்துல சாஞ்ச மேனிக்கு இருந்தா. தூங்குறான்னு நெனச்சு எழுப்புனேன்.”

“அந்தக் கறை…” என்றேன்.

“அவ தலைதானான்னு எனக்குத் தெரியாது தாயி. எத்தனையோ பேரு அங்க உக்காந்திருப்பாக. அந்த வீட்டைக் காட்டுற வேலை எனக்கு வந்தப்ப, மொத நாளே ஒரு வெள்ளைக்காரம்மா இது என்ன கறைன்னு கேட்டுச்சு. வாயில வரல. கப்பலுன்னுட்டேன். அன்னையிலிருந்து அதுதான்.” பிறகு கிடங்கைக் கையால் காட்டினார். “உள்ள சிரிக்கிறாகளே, என்னைக் கேட்டும் இப்படித்தான ரசிச்சிருக்காக இம்புட்டு வருசமா.”

மிச்ச நாட்களில் அவர் எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கதை சொல்லவில்லை. திரும்பி வரும் விமானத்தில் ஒரே ஒரு தடவை பேசினார். “ஊருக்குப் போயி உள்ளதைச் சொல்லப்போறேன் தாயி. நீ அதை அப்படியே பிரெஞ்சுல சொல்லு. போதும்.” நான் சரிண்ணே என்றேன்.

நவம்பரில் முதல் பிரெஞ்சுக் கூட்டம் வந்தது. ஒன்பது பேர். அந்தப் பெரிய வீட்டுக்குப் போனபோது உள்முற்றத்தில் ஓர் ஆச்சி நின்றிருந்தார். வீட்டுக்காரரின் மகள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ விசேஷத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தார். எங்கள் முதலாளிக்கு உறவு. “நீங்க பாட்டுக்குக் காட்டுங்க, நானும் கேக்குறேன்” என்று சொல்லிக் கூடவே வந்தார். அவர் ஆச்சியைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருடத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் இந்த ஆச்சிதான்.

சாமான் அறை வந்ததும் அவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போனார். சுவரில் கை வைத்துக்கொண்டார். “என் தங்கச்சி இங்கதான் செத்துச்சு” என்று தொடங்கினார். வாழை இலைக்கட்டு, பின்வாசல், கொதித்த உடம்பு, தான் சொன்ன வார்த்தை, மூன்றாம் நாள். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ராக்கு என்ற பெயரை இரண்டு தடவை சொன்னார்.

ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆச்சியும் பார்த்தார். இந்த வீட்டின் கதவு சாத்தப்பட்டால் எங்கள் ஹோட்டலுக்குக் காட்டுவதற்கு இதைப்போலப் பெரிய வீடு வேறு இல்லை. முதலாளி என்ன சொல்வார், என் வேலை என்ன ஆகும், இதெல்லாம் ஒரே மூச்சில் மனசுக்குள் ஓடியது. நான் வாயைத் திறந்தேன். பர்மாவுக்குப் போன கணவன், எட்டு வருடம் காத்திருந்த மருமகள், கூந்தல் எண்ணெய். பல தடவை சொன்ன கதை என்பதால் தடங்கலில்லாமல் வந்தது. அவர் கண்ணில் ஓடிய நீரைப் பார்த்து, எவ்வளவு உணர்ச்சியோடு சொல்கிறார் என்று வியந்து அவர்கள் கைதட்டினார்கள்.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அத்தனை வருடமாக அதே கதையை என் வாயால் கேட்டவர். சில சொற்கள் தெரியும்.

“கப்பலுன்னு சொன்னியே தாயி” என்றார் மெதுவாக. “நான் கப்பலுன்னு சொல்லலயே.”

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

ஆச்சி அங்கேயே நின்றார். முகம் வெளிறியிருந்தது. “அந்தப் புள்ளை ஊருக்குப் போயிருச்சுன்னுல்ல எங்கம்மா சொன்னாக” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்த அறையை இனிமேல் காட்டவேண்டாம் என்றார். அடுத்த வாரம் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். யார் சொல்லி அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவரே வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் காரைக்குடி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு பையில் காலி உரச் சாக்குகளோடு நின்றிருந்தார். ஷேவ் செய்யாத முகம். கிட்டப் போய், “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

“உன்னையக் குத்தம் சொல்லல தாயி. ஆச்சி நின்னாக, நீ பயந்துட்ட. யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்யும்.” சாக்கோட்டை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “ஆனா எனக்காக இனிமே எங்கயும் பேசாத.”

கோபமே இல்லாத குரல். அதனால்தான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பஸ் வந்தது. கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டார்.

சித்திரையில் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வயலிலிருந்து வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் போகத் துணிச்சல் வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். ஓட்டு வீடு. அவர் மனைவி, எனக்கு மதினி, கூடத்தில் புளியம்பழம் உடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. நான் யாரென்று சொன்னதும் பாய் எடுத்துப் போட்டார்.

“வெளிநாட்டுல என்னத்தா நடந்துச்சு?” என்று கேட்டார். “போறப்ப சிரிச்சுக்கிட்டுத்தான் போனாரு. வந்ததிலிருந்து மனுசன் பேசல. பேச்சுத்தான் அவருக்கு மூச்சு, உனக்குத் தெரியாததா. என்னமோ ஏதோன்னு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். வெயிலு ஒத்துக்கலன்னாரு.”

எனக்காகப் பேசாதே என்று அவர் சொன்னது காதில் இருந்தது. நானும் வெயில் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. கல் தொட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ராக்கு பின்வாசலில் வந்து நின்றதை, அவர் சொன்ன வார்த்தையை, மூன்றாம் நாளை. பிறகு நான் செய்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என்னால் மதினி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதினி புளியங்கொட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். அழவில்லை.

“ராக்கு காய்ச்சல்ல போயிட்டான்னு மட்டும் தெரியும். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்தப் பேரை இந்த வீட்டுல ஒருநாளும் எடுத்ததில்ல. நானும் கேட்டதில்ல” என்றார்.

அடுத்த பழத்தை எடுத்தவர் அதை உடைக்காமல் கீழே வைத்தார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? சரி, எந்திரிச்சு வந்து ஒரு வாய் சாப்புடுங்கன்னுதான சொல்லியிருப்பேன்.”